பரோசாவின் பழைய திராட்சைக் கொடிகள் எப்படிப் பிழைத்தன?

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒயின் புட்டியில், நூறு ஆண்டைக் கடந்த கொடிகளில் பறித்த திராட்சையால் ஆனது என்று அச்சிட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கம்பம் பக்கத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகளில் கொடியைப் பிடுங்கிவிடுகிறார்களே, நூறு வயதுக் கொடி உண்மையில் காய்க்குமா, காய்த்தாலும் அதை நம்பி ஒரு சிறு குடும்பம் பிழைக்க முடியுமா, அல்லது இது வெறும் விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்க்கும். 175 ஆண்டைத் தாண்டிய கொடிகளும் அங்கே இன்றைக்கும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை உயிரோடு நிற்பதற்குக் கொடியின் உடல்வலு மட்டும் காரணமன்று. அவற்றை வெட்டி எறிவதே லாபம் என்று சந்தையும் அரசும் சொன்ன காலத்தில் வெட்டாமல் விட்ட குடும்பங்கள் சில இருந்தன. பின்னர் அவர்களில் சிலர் பழத்தை டன் கணக்கில் விற்பதை நிறுத்தி, தாங்களே ஒயினாக்கிப் புட்டியில் அடைக்கத் தொடங்கினார்கள். இந்த இரண்டு முடிவுகளில் ஏதாவது ஒன்று தவறியிருந்தாலும் உங்கள் கையிலுள்ள புட்டி வந்திருக்காது என்பதே என் கருத்து.

பரோசா, அடிலெய்டு நகரத்துக்கு வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான கார்ப்பயணத்தில் இருக்கிறது. 1840களில், அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியிலிருந்து மத நெருக்கடியால் வெளியேறிய லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1842இல் பெத்தனி என்ற ஊரை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு, இன்றைய டனுண்டா ஊரின் ஒரு பகுதியான லாங்மெயில் என்ற இடத்தில் கிறிஸ்டியன் ஆரிக்ட் என்பவர் நட்ட, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ரகக் கொடிகளில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. ‘ஃப்ரீடம் 1843’ என்ற பெயரில் லாங்மெயில் ஒயினகம் வெளியிடுவது அந்தச் சிறு துண்டு நிலத்துப் பழம்தான். பிரான்சிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் திரட்டி 1832இல் சிட்னிக்குக் கொண்டுவந்து சேர்த்த கொடித்துண்டுகள் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியதால், ஐரோப்பாவில் பின்னாளில் அழிந்துபோன பல பழைய கொடி மரபுகளுக்கு அந்தத் தூரத்து மண்ணே அடைக்கலமாயிற்று.

அழிவைக் கொண்டுவந்தது ஃபிலாக்சரா என்ற பூச்சி. வட அமெரிக்காவைச் சேர்ந்த, அசுவினி இனத்துக்கு நெருங்கிய இந்த நுண்ணிய பூச்சி வேரில் ஒட்டிச் சாறுறிஞ்சும். அங்கே ஏற்படும் புண்ணின் வழியே அழுகல் புகுந்து சில ஆண்டுகளில் கொடியே சாகும். அமெரிக்கக் காட்டுக்கொடிகளுக்கு இதைத் தாங்கும் திறன் உண்டு, ஐரோப்பியத் திராட்சை இனத்துக்குக் கிடையாது. 1860களில் தென் பிரான்சில் தொடங்கிய சாவு, சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பெரும்பாலான தோட்டங்களை விழுங்கியது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதி மீது ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டி நடுவதுதான் தீர்வென்று ஆனதால், பழைய கொடிகளில் பெரும்பாலானவை பிடுங்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலும் 1877இல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் அருகே பூச்சி தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இல் தனிச் சட்டமே இயற்றி, வெளியிலிருந்து கொடியும் மண்ணும் நுழைவதைத் தடுத்தது. அந்தக் கண்டிப்பால் அந்த மாநிலத்தில் இன்றுவரை ஃபிலாக்சரா இல்லை. இப்போதும் அங்கே தோட்டத்து வாசலில், உங்கள் செருப்பு மண்ணோடு உள்ளே வராதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். கிருமிநாசினித் தட்டில் காலணியை நனைத்த பிறகே வரிசைக்குள் விடுவார்கள். வருகையாளர் சிலருக்கு இது மிகையாகத் தோன்றலாம். சொந்த வேரில் நிற்கும் கொடிக்கு இந்தப் பூச்சியிடமிருந்து வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை அறிந்தவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சொந்த வேர் என்பதற்கு நடைமுறையில் ஒரு பெரிய பயன் உண்டு. பழைய தோட்டத்தில் ஒரு கொடி பட்டுப்போனால், பக்கத்துக் கொடியின் நீண்ட தண்டு ஒன்றை வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் இடைவெளியில் வெளியே நீட்டி விடுவார்கள். நம் ஊரில் மல்லிகைக்குப் பதியம் போடுவோமே, அதே முறைதான். வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடியே பால் கொடுக்கும். சில ஆண்டுகள் கழித்து இரண்டையும் இணைக்கும் தண்டை வெட்டினாலும் சரி, வெட்டாமல் விட்டாலும் சரி, புதிய கொடி மரபில் தாய்க்கொடியேதான். ஒட்டுக்கட்டிய தோட்டத்தில் இப்படிச் செய்தால் புதைத்த தண்டு தன் வேரையே விடும், பூச்சி அதைத் தின்றுவிடும். ஆகவே பரோசாவின் பழைய தோட்டத்தில் நீங்கள் காணும் எல்லாக் கொடிக்கும் ஒரே வயது என்று எண்ணிவிட வேண்டாம். ஓரிரு வரிசைக்குள்ளேயே பாட்டியும் பேத்தியும் கலந்து நிற்கும்.

அந்தக் கொடிகளை அருகில் பார்த்தால் தோட்டம் என்ற எண்ணமே வராது. பந்தல் இருக்காது, பல இடங்களில் கம்பிகூட இருக்காது. இடுப்பளவு உயரத்துக்கு, ஆள் தொடையைவிடப் பருத்த அடிமரம் முறுக்கிக்கொண்டு நிற்கும். பட்டை நார்நாராக உரியும். பல கொடிகளில் நடுமரம் செத்து உளுத்து, இரு பக்கமும் பிளந்து, அந்தப் பிளவின் வழியே மறுபுறத்து மண் தெரியும். ஆனால் ஒரு பக்கத்துப் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு உயிர்த்தசை ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேலே இலையும் குலையும் குறையாமல் இருக்கும். கொடிக்குத் தேவை அந்த உயிருள்ள பகுதி மட்டுமே, நடுவில் செத்துப்போன மரக்கட்டை அதற்கு முட்டுத்தான். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்த பின், கவாத்து நடக்கும். இயந்திரம் இங்கே உதவாது. ஒவ்வொரு கொடிக்கும் வடிவம் வேறு என்பதால், எந்தக் கிளையை விட வேண்டும், எந்த முனையில் இரண்டு மொக்கு வைத்து வெட்ட வேண்டும் என்பதை ஆள் நின்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புண் பெரிதானால் யூடைப்பா என்ற பூஞ்சை மழைநீரோடு உள்ளே இறங்கும். நோயுற்ற கிளையை அறுத்துப் பார்த்தால், வெளிறிய நல்ல மரத்துக்குள் கறுப்பும் பழுப்புமாக ஆப்பு அடித்ததுபோல் ஒரு பகுதி செத்திருப்பது தெரியும். அந்தக் கறை தீரும்வரை கீழே கீழே அறுத்துக்கொண்டு போய், நல்ல மரம் தென்பட்ட இடத்தில் நிறுத்தி, அடியிலிருந்து கிளம்பும் ஒரு தளிரை வளர்த்துப் புதிய உடம்பாக்குவார்கள். கொடியின் வேருக்கு 150 வயது இருக்கும்போது, அதன் மேற்பகுதிக்கு முப்பதே வயது இருப்பதன் காரணம் இதுதான்.

கம்பத்து ஒப்பீட்டுக்கு வருகிறேன். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல ரகம், நல்ல மண், உழைக்கத் தெரிந்த விவசாயிகள். ஆனால் அங்கே உண்மையான குளிர்காலம் கிடையாது. கொடி இலையுதிர்த்து உறங்குவதில்லை. கவாத்துக்குப் பின் கவாத்தாக ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறோம். பந்தலும் பாசனமும் உரமும் சேர்ந்து ஏக்கருக்குக் கொடுக்கும் மகசூலை பரோசாக்காரர் நம்பவே மாட்டார். அப்படி உழைக்கும் கொடி விரைவில் களைப்பது இயல்பு, விளைச்சல் குறைந்ததும் மாற்றுவதும் சரியான முடிவே. பரோசாக் கொடி ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கிறது, நான்கைந்து மாதம் உறங்குகிறது, பல தோட்டங்களில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையை மட்டுமே நம்பி மானாவாரியாக நிற்கிறது. கோடையில் மழை குறைவாதலால் பூஞ்சை நோயும் குறைவு.

வயதானால் ஒயின் சிறக்குமா என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. இங்கே நான் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதை எளிமையாக்கிவிடுகிறார்கள். பருத்த அடிமரத்திலும் வேரிலும் மாவுச்சத்து நிறையச் சேமிப்பில் இருப்பதாலும், பல பத்தாண்டுகளில் வேர் ஆழத்துக் களிமண்வரை இறங்கியிருப்பதாலும், பழைய கொடி ஒரு வெப்ப அலைக்கோ வறண்ட ஆண்டுக்கோ இளங்கொடியைப்போலத் தடுமாறுவதில்லை. பழம் சீராகப் பழுக்கிறது. பல தோட்டங்களில் மகசூலும் பழத்தின் அளவும் சிறிது. சிறிய பழத்தில் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும், சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன. இவை நம்பத்தக்க காரணங்கள். ஆனால் பழைய கொடி எப்போதும் குறைவாகவே காய்க்கும் என்பதை அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பரோசா ஷிராஸ் கொடிகளை வைத்துச் செய்த ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. வயதுக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பும் எல்லாத் தோட்டத்திலும் ஒரேமாதிரி வெளிப்படுவதில்லை. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மோசமான நிலத்தில் நட்ட கொடிகளை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். மூன்று, நான்கு தலைமுறை ‘இந்தத் துண்டு மட்டும் இருக்கட்டும்’ என்று விட்டுவைத்த நிலம் முதலிலேயே நல்ல நிலமாகத்தான் இருந்திருக்கும். புட்டியில் நாம் ருசிப்பது பாதி வயது, பாதி அந்தத் தேர்வு.

விட்டுவைத்தது யார், எப்படி என்பதற்கு டனுண்டா ஓரத்து டர்க்கி ஃப்ளாட் தோட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள ஷிராஸ் கொடிகள் 1847இல் நடப்பட்டவை. 1865 முதல் ஷுல்ஸ் குடும்பம் அந்த நிலத்தை வைத்திருக்கிறது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கசாப்புக்கடை நடத்தியவர்கள், மாடு வைத்துப் பால் விற்றவர்கள். திராட்சை அவர்களுடைய வருமானங்களில் ஒன்றாக மட்டுமே இருந்தது. பரோசாவின் பழைய குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்ந்தன: கொஞ்சம் கோதுமை, சில பன்றிகள், பழமரங்கள், வீட்டுக்குப் பின்னால் இறைச்சியைப் புகைபோடும் அறை, மேட்டுப் பக்கமாகச் சில ஏக்கர் கொடி. திராட்சை விலை விழுந்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. ஆகவே கொடியை உடனே வெட்ட வேண்டிய நிர்ப்பந்தம் வரவில்லை. திராட்சையை மட்டுமே நம்பியிருந்த பெரிய தோட்டக்காரருக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. கலப்பு விவசாயம்தான் பழைய கொடிகளின் உண்மையான காவல்காரன் என்று நான் உறுதியாக நம்புகிறேன், இதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்ற வருத்தமும் எனக்குண்டு.

சோதனை 1980களில் வந்தது. அதற்கு முன் நெடுங்காலம் பரோசாவின் ஷிராஸும், கிரெனாஷ் என்ற இன்னொரு சிவப்பு ரகமும் பெரும்பாலும் போர்ட் போன்ற, சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்களுக்கே போய்க்கொண்டிருந்தன. மக்களின் சுவை வெள்ளை ஒயின் பக்கம் திரும்பியதும் சிவப்பு ரகங்களுக்குக் கேட்பாரில்லை. உபரியைக் குறைக்க, பத்தாண்டின் நடுவில், கொடியைப் பிடுங்குவோருக்கு அரசே பணம் கொடுத்தது. மானாவாரியாக, குறைந்த மகசூல் தந்த பழைய துண்டுகள்தான் முதலில் போயின, ஏனென்றால் கணக்குப் புத்தகத்தில் அவைதான் மிக நட்டமாகத் தெரிந்தன. நூறு வயதுக் கொடிகளை டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துக் குவித்து எரித்த நாட்கள் அவை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. ஒரு பதிப்பு அழிந்தால் மறுபதிப்பு போடலாம், நூறு வயதுக் கொடியை நூறு ஆண்டு காத்திருந்துதான் திரும்பப் பெற முடியும்.

எல்லாவற்றையும் இழக்காமல் தடுத்தவர்களில் பீட்டர் லேமனின் பெயரை விட முடியாது. அவர் ஒரு பெரிய ஒயினகத்தில் மேலாளராக இருந்தபோது, இனி சிறு விவசாயிகளிடம் பழம் வாங்க வேண்டாம் என்று உரிமையாளர்கள் சொல்லிவிட்டார்கள். வாங்குவதாக வாய்வாக்குக் கொடுத்திருந்த லேமன், 1979இல் நண்பர்களோடு புதிய நிறுவனம் தொடங்கி அந்தப் பழத்தை வாங்கினார். அவரால் பிழைத்த குடும்பங்கள் பல. ராபர்ட் ஓ’கலகன் 1984இல் ராக்ஃபோர்டு ஒயினகத்தைத் தொடங்கிப் பழைய மானாவாரி ஷிராஸுக்கு நல்ல விலை கொடுத்தார். சார்ல்ஸ் மெல்டன் 1988இல், யாரும் சீந்தாத கிரெனாஷை ஷிராஸோடும் மட்டாரோ என்ற மற்றொரு சிவப்பு ரகத்தோடும் கலந்து மதிப்புமிக்க ஒயினாக்கிக் காட்டினார். டர்க்கி ஃப்ளாட் குடும்பம் 1990இல் தன் பெயரிலேயே ஒயின் தயாரிக்கத் தொடங்கியது. பழைய கசாப்புக்கடைக் கல்கட்டடம் இன்று அவர்களுடைய ஒயினைச் சுவைத்துப் பார்த்து வாங்கும் இடமாக இருக்கிறது.

கட்டுபடியாகுமா என்று கேட்டீர்களே, கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் இளந்தோட்டம் 6 டன்னும் பழைய தோட்டம் 2 டன்னும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் டன் விலை ஒன்றே என்றால் பழைய தோட்டத்தின் வரவு மூன்றில் ஒரு பங்குதான். கவாத்தும் அறுவடையும் கையால் நடப்பதால் செலவோ அதிகம். பழமாக விற்கும்வரை இந்தக் கணக்கு எந்நாளும் நேராகாது. அதே 2 டன்னை ஒயினாக்கினால் சுமார் 1,300 லிட்டர் கிடைக்கும். 225 லிட்டர்ப் பீப்பாய்கள் ஆறுக்குள் அடங்கும். ஏறத்தாழ 1,700 புட்டிகள் ஆகும். இவ்வளவு சிறிய அளவைப் பெரிய கடைச்சங்கிலிகள் தொடவே தொடாது. ஆனால் வீட்டு வாசலிலும் அஞ்சல் பட்டியல் வழியாகவும் நேரடியாக வாங்கும் சில நூறு வாடிக்கையாளர்கள் இருந்தால் போதும், எல்லாம் விற்றுவிடும், இடைத்தரகர் பங்கும் குடும்பத்திடமே தங்கும். இடையில் பழம் பறித்த நாளிலிருந்து காசு கைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தை ஓட்ட வேறு வரவு, கடனற்ற நிலம், வீட்டாரின் உழைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். இன்று நிலத்தைச் சந்தை விலைக்கு வாங்கிப் புதிதாக ஒருவர் இதில் இறங்குவது மிகக் கடினம்.

ஒயின் தயாரிப்பில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல்வரை பறிப்பு. பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து, திறந்த தொட்டியில் போட்டு, சாறு ஒரு வாரம் அல்லது பத்து நாள் நொதிக்கும். தோல் மேலே மிதந்து தடித்த ஆடையாகிவிடும். அதை நாளுக்குச் சில தடவை உள்ளே அழுத்த வேண்டும், அல்லது மேலே பலகை பொருத்திச் சாற்றுக்குள் அமுக்கி வைக்க வேண்டும். பிறகு மரச்சட்டங்களால் ஆன கூடை அழுத்தியில் சக்கையைப் போட்டு மெதுவாகத் திருகுவார்கள். விரைவாகப் பிழிந்தால் விதையின் கசப்பு இறங்கும் என்பதால் இந்தப் பழைய கருவியைச் சிறு ஒயினகங்கள் இன்னும் கைவிடவில்லை. அதன்பின் பீப்பாயில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. மண்டி தானாக அடங்கும். நல்ல பழைய கொடிப் பழத்துக்குப் புதிய ஓக் பீப்பாயை அதிகம் பயன்படுத்துவது வீண் என்பது என் கருத்து. மரத்தின் வாசனை வேண்டுமானால் அதை எந்த இளங்கொடி ஒயினிலும் பெறலாம்.

பரோசாவை அடுத்த ஈடன் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹென்ஷ்கே குடும்பத்தை இந்த மரபின் உச்சமாகச் சொல்வேன். 1860 வாக்கில் நட்ட சிறு பகுதியை உள்ளடக்கிய ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ என்ற தோட்டத்திலிருந்து சிரில் ஹென்ஷ்கே 1958இல் தனி ஒயின் தயாரித்தார். பழம் தரத்துக்கு வராத ஆண்டில் அவர்கள் அதை வெளியிடுவதில்லை; 2000ஆம் ஆண்டு அறுவடை அப்படித்தான் நிறுத்தப்பட்டது. மிக விலையுயர்ந்த பொருளை ஓராண்டு விற்காமல் விடும் துணிவு பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லும் நிறுவனத்துக்கு எளிதில் வராது. அக்குடும்பத்தின் புரூ ஹென்ஷ்கே தாவரவியல் படித்தவர். 1980களின் நடுவிலிருந்து ஒவ்வொரு பழைய கொடியையும் தனித்தனியே கவனித்து, சிறந்தவற்றிலிருந்து கொடித்துண்டு எடுத்து நாற்றங்காலில் வளர்த்து, அடுத்த நூற்றாண்டுக்கான கொடிகளை நட்டுவருகிறார். நோயற்றதைத் தேர்ந்து, அதன் மரபை அதே தோட்டத்தில் தொடரவைக்கும் இந்த வேலைதான் பழையதைப் போற்றுவதில் ஆகச் சிறந்த வடிவம். லாங்மெயிலிலும் ஒரு நல்ல செயல் நடந்தது: இடித்துத் தள்ளப்படவிருந்த பழைய கொடி வரிசைகளை வேரோடு பெயர்த்து, நார்த் பாரா ஆற்றங்கரையில் மறுநடவு செய்து பிழைக்கவைத்தார்கள்.

ஆபத்து நீங்கிவிடவில்லை. வாரிசுகள் நகரத்துக்குப் போகிறார்கள், பங்கு பிரிக்கும்போது நிலம் விற்பனைக்கு வருகிறது. 2020 இறுதியிலிருந்து 2024 மார்ச் வரை ஆஸ்திரேலிய ஒயினுக்கு சீனா 200 விழுக்காட்டையும் தாண்டும் அளவுக்கு வரி போட்டபோது, அந்தச் சந்தையை நம்பிய சிறு ஒயினகங்களும் பழம் விற்கும் விவசாயிகளும் கடுமையாக அடிபட்டார்கள். சிவப்பு ஒயின் மீண்டும் உபரியாகித் தேங்கிக் கிடக்கும் இந்நாளில், கொடியைப் பிடுங்கப் பணம் கொடுங்கள் என்ற குரல் ஆஸ்திரேலியாவில் திரும்பவும் எழுந்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

கடைசியாக, புட்டியின் மேலுள்ள எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்பது. ‘பழைய கொடி’ என்ற சொல்லுக்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் வரையறை இல்லை, யாரும் எழுதலாம். ஆனால் யலும்பா ஒயினகம் 2007இல் வகுத்து, 2009இல் பரோசாவின் திராட்சை விவசாயிகளும் ஒயினகங்களும் சேர்ந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட சாசனம் ஒன்று உண்டு: 35 ஆண்டு நிறைந்தது பழைய கொடி, 70 ஆனது தப்பிப் பிழைத்த கொடி, 100 ஆனது நூற்றாண்டுக் கொடி, 125ஐ எட்டியது மூதாதைக் கொடி. 2024இல் பன்னாட்டு ஒயின் அமைப்பும், ஆவணச் சான்றுள்ள 35 வயதையே பழைய கொடிக்கு எல்லையாக வரையறுத்தது. ஆகவே வெறுமனே ‘பழைய கொடி’ என்று மட்டும் இருந்தால் ஐயப்படுங்கள். நட்ட ஆண்டு, தோட்டத்தின் பெயர், சாசனத்தின் எந்த வகை என்பவை இருந்தால், அதே நிலத்துப் பழத்தை அதே குடும்பம் புட்டியில் அடைத்ததாகவும் குறித்திருந்தால், கொடுத்த விலைக்கு அது தகுதியானதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் உறவினர் மறுபடி வரும்போது வாங்கிவரச் சொல்வதானால், விலை உச்சத்தில் இருக்கும் ஷிராஸை விட்டுவிட்டு, ஒரு சிறு குடும்பத்தின் மானாவாரிக் கிரெனாஷைக் கேளுங்கள். வயது அதே வயதுதான், விலை பெரும்பாலும் குறைவு. அந்தப் பணம் இன்னும் வெட்டப்படும் அபாயத்தில் இருக்கும் கொடிக்குப் போய்ச் சேரும்.